பச்சையில் ஒட்டிய வெள்ளைப் புள்ளிகள்

எங்கள் அலுவலகத்தில் காட்டின் மேல் பஞ்சு பறக்கும்.

கீழ்த்தளத்தில் பின்னல் மெஷின்கள் நாளெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நூலிலிருந்து கிளம்பும் தூசு படிக்கட்டு வழியாக மேலே வரும். ஜன்னல் வெயிலில் கொஞ்ச நேரம் எங்கே உட்காரலாம் என்று யோசிக்கும். பிறகு ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் திரையில் போய் உட்காரும். திரையில் மலைக்காடு விரிந்து கிடக்கும். பச்சை, அதற்குள் இன்னொரு பச்சை, ஓடை போகிற இடத்தில் தலைமுடி வகிடு போல ஒரு கோடு. நான் விரலால் துடைப்பேன். பஞ்சு என்றால் போய்விடும். மேகம் என்றால் போகாது. சில மத்தியானங்களில் எது பஞ்சு எது மேகம் என்று தெரியாமல், வானத்திலிருந்து எடுத்த மேகத்தை நிறைய நேரம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பனியன் கம்பெனியில் மார்க்கர் போட்டுக்கொண்டிருந்தவள் நான். துணியின் அகலத்துக்குள் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடுக்க வேண்டும். இண்டு இடுக்கு விடாமல் அடுக்கினால் துணி மிச்சம். அந்த வேலையைப் பல வருஷம் செய்தவளுக்கு உலகத்தில் காலியாகக் கிடக்கிற எதைப் பார்த்தாலும் கை ஊறும். பல்லடம் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே உழாமல் கிடக்கிற காட்டுக்குள் நாலு பனியனை அடுக்கிப் பார்ப்பேன்.

முதலாளியின் மகன் வெளியூரில் மேப் சம்பந்தமாக என்னவோ படித்துவிட்டு வந்தார். வீரபாண்டியில் அப்பாவின் கம்பெனி மாடி சும்மா கிடந்தது. கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டார். மவுஸ் பிடிக்கத் தெரிந்தவர்களைக் கீழேயிருந்தே கூட்டிக்கொண்டார்.

"சட்டைக்குப் போடற கோட்டை மலைக்குப் போடோணும், அவ்வளவுதானுங்க்கா," என்றார் என்னிடம்.

"சட்டை அசையாம கெடக்குமுங்க தம்பி," என்றேன்.

"மலையும் அசையாதுங்க."

அசைந்தது. அதனால்தான் அந்த வேலையே எங்களுக்கு வந்தது. தெற்கே, உடுமலைக்கும் அப்பால் இருக்கிற காட்டில், போன மழைக்கு ஒரு சின்ன ஊரின் சரிவு வெடித்துவிட்டது. வீடுகள் நிற்கின்றன, ஆனால் அடுத்த மழைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்த மக்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். காட்டிலும் காட்டு ஓரத்திலும் மனிதர் குடியிருக்கத் தகுந்த இடம் எது என்று துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு துண்டு நிலத்திடமும் நாங்கள் கேள்விகள் கேட்போம். நீ எவ்வளவு சரிவு? கோடையில் உன் பக்கத்தில் தண்ணீர் ஓடுமா? உன் மண் பிடித்து நிற்குமா, வழுக்கிப் போகுமா? யானை உன் வழியாகப் போகுமா? உன் மேல் நிற்கிற மரத்தை வெட்டாமல் ஒரு வீடு வைக்க முடியுமா? எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் சொன்ன நிலத்துக்கு மஞ்சள். பாதிக்குப் பதில் சொன்னதற்குப் பழுப்பு. தொடவே கூடாததற்குப் பச்சை. ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற இடம் வெள்ளை.

முடிவெடுக்கிறவர்கள் நாங்கள் இல்லை. நாங்கள் கொடுக்கிற மஞ்சள் இடங்களை அதிகாரிகள் ஊர்க்காரர்களிடம் காட்டுவார்கள், அதில் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும். ஆனால் நாங்கள் மஞ்சள் போடாத இடத்தை யாரும் கேட்க முடியாது. இது தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் கொஞ்சம் மாறிப்போனது. கனவில் ஒரு மலையை டேபிளில் விரித்து அயர்ன் பண்ணுவேன். சுருக்கமெல்லாம் போய் மலை தட்டையாகிவிடும், ஓடைகள் எங்கே போவதென்று தெரியாமல் என் காலடியில் வந்து நிற்கும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டாக அதே கேள்விகளைத் திருப்பூரிடம் கேட்டுப் பார்த்தோம். சரிவு, நன்றாக இருக்கிறது. மண், பரவாயில்லை. யானை, இல்லை. தண்ணீர் என்ற கேள்வி வந்ததும் ஊர் முழுக்க நிறம் இறங்கிப் போனது.

"மனுசன் குடியிருக்கத் தகுதியில்லைன்னு வருதுங்க," என்றேன்.

"பீகார்லருந்து ரயிலேறி வாறவங்ககிட்ட போய்ச் சொல்லு அம்மிணி," என்றார் செக்கிங் அக்கா, தயிர்சோற்றைப் பிசைந்தபடி. "தகுதியில்லாத எடத்துலதான் எடமே கெடைக்க மாட்டேங்குது."

செக்கிங் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் செக்கிங் டேபிளில் சூப்பர்வைசராக இருந்தவர். என்னைவிட மூத்தவர். மேப் வெளியே போவதற்கு முன் கடைசியாக அவர் கண்ணில்தான் பட வேண்டும். பனியனில் நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பிசிறு. அதை வெட்டுகிற சின்னக் கத்தரி டிரிம்மர். கீழே வேலை பார்த்தபோது கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அந்த டிரிம்மரை, மேலே வந்த பிறகும் கழற்றவில்லை. திரையைப் பார்க்கும்போது அவரை அறியாமல் அது கைக்குப் போகும். கிளிக் கிளிக் என்று காற்றை வெட்டும்.

கம்ப்யூட்டர் நிறம் பிரிக்கும்போது எப்போதும் கொஞ்சம் தப்பு செய்யும். பாறை பளபளத்தால் வீடு என்று நினைத்துக்கொள்ளும். காய்ந்த புல்லைப் பார்த்து வயல் என்று சொல்லும். அதனால் ஒரே பச்சையாக இருக்கிற இடத்தில் அங்கங்கே ஒற்றைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றைச் சுத்தம் செய்வது வழக்கம்தான், எல்லா ஊரிலும் செய்வார்கள். ஆனால் திருப்பூர்க்காரர்கள் செய்கிற மாதிரி யாரும் செய்திருக்க மாட்டார்கள். செக்கிங் அக்கா ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கி, முறைத்துப் பார்த்து, மவுஸில் ஒரு கிளிக், புள்ளி பச்சையாகிவிடும்.

"ஒரு பிசிறு கண்ணுல பட்டாப் போதும், சரக்கெடுக்கற பையரு லாட்டையே தூக்கிக் கடாசீருவானுங்க."

"இதுக்குப் பையரு இல்லீங்களேக்கா."

"எல்லாத்துக்கும் பையரு இருக்கறான். நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டான்."

அவர் கையிலிருந்து வெளியே வந்த மேப் துவைத்து மடித்த புதுத்துணி போல இருக்கும். பச்சை பச்சையாக, மஞ்சள் மஞ்சளாக. முதலாளி தம்பி பார்த்துவிட்டு, "ஷிப்மெண்ட் குவாலிட்டிங்க்கா," என்று சிரித்தார். இரண்டொரு நாளில் அனுப்பிவிடலாம் என்றார்.

அந்த நேரத்தில்தான் அவள் மேலே வந்தாள்.

கீழே ஃபினிஷிங்கில் பிசிறு வெட்டுகிறவள் அவள். தண்ணீர் கேன் மாடியில்தான் இருக்கிறது. சாப்பாட்டு மணிக்குப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவாள், நிறைத்துக்கொண்டு போவாள். அன்றைக்குப் பாட்டில் நிறைந்து வழிந்தது தெரியாமல் என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எந்த ஊருங்க்கா?"

அணையின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேலே இருக்கிற மலை என்றேன்.

"எங்க மலைங்க்கா!" என்றாள். பாட்டிலை மூடாமலே பக்கத்தில் வந்தாள். அந்த வெடித்த சரிவில்தான் அவள் அம்மா இருக்கிறாள். அவளுடைய சின்ன மகளும் அம்மாவோடு அங்கேதான். இவள் திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் மூன்று பெண்களோடு தங்கி, நோம்பி பண்டிகைக்கு மட்டும் போய் வருகிறவள்.

மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். மலையடிவாரத்தில் ரோட்டை ஒட்டிப் பெரிய மஞ்சள் ஒன்று படுத்திருந்தது. அதன் மேல் கையை வைத்தாள்.

"இங்கயா? இது பஸ்ஸு போற ரோடுங்க்கா!" அவள் குரலே வேறாகிவிட்டது. "சனிக்கெழமை சம்பளம் வாங்கிட்டு பஸ் ஏறுனா, பொழுதோட போயிரலாம். வாராவாரம் போலாம். எம்புள்ள மொகத்தை வாராவாரம் பாக்கலாம்."

"இன்னும் முடிவாகலை கண்ணு," என்றேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. திரையிலிருந்த பஞ்சைக்கூடத் துடைக்கவில்லை, பஞ்சோடு சேர்த்து அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டாள். "எங்க ஊட்டைக் காட்டுங்க."

மேலிருந்து பார்த்தால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கோ அந்த மலையில் கால் வைத்த பழக்கமே கிடையாது. "கண்ணை மூடிக்கிட்டு நட," என்றேன். "நீ சொல்லச் சொல்ல நான் மவுஸை நகத்தறேன்."

அவள் கண்ணை மூடினாள். கையில் திறந்த பாட்டில்.

"பஸ்ஸு நிக்குது. எறங்கியாச்சு. கடையில எங்கம்மாளுக்கு வெத்தலை வாங்கோணும்."

"கடை தெரியாது. மேல போ."

"வெத்தலை வாங்காம எப்படிங்க்கா போறது? சரி, வாங்கிட்டன்னு வெச்சுக்கோங்க. இப்ப ஏத்தம். பலா மரம். பலா மரத்துல திரும்போணும்."

"எந்தப் பக்கம்?"

"எங்க ஊட்டுப் பக்கம்!"

செக்கிங் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் ஓடையைத் தாண்டினாள், ஒரு பாறையில் மூச்சு வாங்கினாள், யார் வீட்டு நாயையோ விரட்டினாள். நான் பச்சைக்குள் நகர்ந்துகொண்டே இருந்தேன். கீழே மெஷின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது, தூரத்துத் தண்ணீர் போல. எனக்கும் கண் செருகியது. காலுக்குக் கீழே ஈரச் சருகு இருப்பது போல இருந்தது. மூவரும் வீரபாண்டியில் இல்லை, எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தோம்.

"வந்தாச்சு," என்று கண்ணைத் திறந்தாள். "இதென்னங்க்கா?"

என் மவுஸ் ஒரு செங்குத்துப் பள்ளத்தின் நடுவில் நின்றது.

"என்னையத் தள்ளியுட்டுட்டீங்களே! வெத்தலை வேற போச்சு!"

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு நான் வானத்திலிருந்து எடுத்த, நிறம் பிரிக்காத பழைய படத்தைத் திறந்தேன். கோடையில் எடுத்தது. பள்ளத்தை விட்டு மேலே வந்து, ஓடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினேன். ஒரு மேட்டின் தோளில் சில வெள்ளைத் துகள்கள், சிந்திய ரவை மாதிரி. விரலால் துடைத்தேன். போகவில்லை.

"தகரமுங்க்கா," என்றாள் அவள் மெதுவாக. "மழைக்குப் பொறவு கூரைக்குக் கொடுத்த தகரம். வெயில்ல மின்னுது."

நிறம் பிரித்த எங்கள் மேப்பில் அதே இடத்துக்குப் போனேன். ஒரு வெள்ளை இல்லை. சுத்தமான பச்சை.

கிளிக் கிளிக் என்று கேட்டுக்கொண்டிருந்த டிரிம்மர் சத்தம் நின்றது. செக்கிங் அக்கா இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒத்தை ஒத்தையா இருந்துது அம்மிணி," என்றார். "பச்சைக்குள்ள ஒத்தையா நின்னுது. பிசிறுன்னுதான்..." கீழே மணி அடித்தது. அவள் பாட்டிலை மூடிக்கொண்டு ஓடினாள்.

முதலாளி தம்பி வந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். புது இடத்தைத் தேடும்போது நிலத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று: இவர்கள் உழுகிற காட்டுக்கும், இவர்கள் சாமிக்கும், இவர்கள் செத்தவர்களைப் புதைத்த இடத்துக்கும் நீ எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்தைக் கம்ப்யூட்டர் வெள்ளையிலிருந்துதான் அளக்கும். இந்த ஊரின் வெள்ளை போய்விட்டதால், அது கீழே அடிவாரத்தில் இருந்த வேறொரு பெரிய ஊரிலிருந்து அளந்திருந்தது. ரோட்டோரம் அவ்வளவு பெரிய மஞ்சள் வந்தது அதனால்தான்.

"புள்ளியைத் திருப்பி வெச்சு மறுபடி ஓட்டுங்க்கா," என்றார். "வெள்ளையா இருக்கற ஊடுகளுக்குத்தான் புது எடத்துல ஊடு கெடைக்கும். ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது."

"வெச்சா அந்த மஞ்சள்?"

"மேல ஏறிக்கும். ரோட்டோரம் நிக்காதுங்க."

அடுத்த நாள் சாப்பாட்டு மணிக்கு அவள் வந்தபோது இதைச் சொன்னேன். சொல்லாமல் வேலையை முடித்திருக்கலாம். சொல்லாமல் முடிக்க என்னால் ஆகவில்லை. அவள் திரையில் ஒட்டியிருந்த பஞ்சை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பிசிறு எடுத்துப் பழகிய விரல், கண்ணாடியில் சத்தமே இல்லை.

"புள்ளி வெக்காட்டி?"

"ரோட்டோரந்தான் இருக்கும்."

"வாராவாரம்," என்றாள் தனக்குள்.

வைக்காமல் விட எனக்கு உரிமையில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் அந்தப் புள்ளிகள் பக்கம் என் கை போகவில்லை. அன்றைக்கு முழுக்க வேறு ஏதேதோ ஓடைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவள் ஊரில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறதாம், அதில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் அவள் அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பாளாம். அன்று சாயங்காலம் இவள் அம்மாவிடம் பேசியிருக்கிறாள். மறுநாள் படியேறி வந்து பாட்டிலைக்கூட வைக்காமல் சொன்னாள்.

"மஞ்சளைப் பத்தி நான் சொல்லலீங்க்கா. நம்ம ஊடெல்லாம் கம்ப்யூட்டர்ல இல்லையாம்மான்னு மட்டுந்தான் சொன்னேன். பிசிறுன்னு வெட்டிப்போட்டாங்கன்னேன். எங்கம்மா சிரிச்சா. நீயும் அதுதானே அங்க பண்றேன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் சிரிக்கலை. எங்கப்பனைப் பொதைச்ச எடமுமா இல்லைன்னு கேட்டா."

பாட்டிலை என் டேபிளில் வைத்தாள்.

"வெச்சிருங்க்கா," என்றாள்.

எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்தது செக்கிங் அக்கா. "நான் வெட்டுனதை நானே தெக்கறேன்," என்றார். கழுத்திலிருந்த டிரிம்மரைக் கழற்றி என் டிபன் பாக்ஸ் மேல் வைத்தார். பழைய படத்தை ஒரு பக்கம், மேப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துகளாக வெள்ளை வைத்தார். அவள் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே வந்தாள். அது சித்தப்பன் ஊடு. அது நாய் இருக்கிற ஊடு. அது எங்கம்மா ஊடு, கொஞ்சம் பெரிசா வையுங்க.

"பெரிசா வெக்கக் கூடாது சாமி, எல்லாம் ஒரே சைஸு."

"எங்கம்மா பேச்சுக்கு அந்தச் சைஸு பத்தாதுங்க."

கடைசித் துகளுக்கும் வெள்ளை வைத்த பிறகு அவள் நகரவில்லை. "அதுக்குப் பக்கத்துல," என்றாள். "எனக்குன்னு ஒண்ணு கட்டுனமுங்க. செவுரு நிக்குது. கூரை போடலை." அங்கே தகரத்தின் மினுக்கு இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால், பச்சைக்குள் கொஞ்சம் வெளிறிய ஒரு சதுரம். இருக்கிறது என்றால் இருக்கிறது. மண் என்றாலும் மண்தான்.

செக்கிங் அக்கா விரலை நாக்கில் தொட்டுத் திரையில் அந்த இடத்தைத் துடைத்தார். சதுரம் அப்படியே இருந்தது. மறுபடி துடைத்தார்.

"பஞ்சு இல்லை," என்றார் என்னைப் பார்த்து.

"இல்லீங்க்கா."

"மேகமும் இல்லை."

"செவுருங்க," என்றாள் அவள்.

"செவுரு இருந்தா ஊடுதான்," என்று வெள்ளை வைத்தார்.

மறுபடி ஓட்டினோம். நிறம் மாறுவதைப் பார்ப்பது தண்ணீரில் சாயம் இறங்குவதைப் பார்ப்பது போல. ரோட்டோரத்து மஞ்சள் முதலில் ஓரத்தில் மங்கியது, பிறகு நடுவில், பிறகு பழுப்பாக அடங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணை எடுக்கவில்லை. மேலே, வெடித்த சரிவுக்கு மறுபக்கம், ஓடையை ஒட்டிய ஒரு தட்டையான தோளில் மஞ்சள் மெல்லக் கசிந்து நீளமாக நின்றது. வெள்ளைப் புள்ளிகளிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"இங்கிருந்து பஸ்ஸுக்கு?" என்று கேட்டாள்.

"நடக்கோணும் கண்ணு."

ஆமாங்க என்று தலையாட்டினாள். பிறகு அந்தப் புது மஞ்சளில் விரலை வைத்துக் கீழ்நோக்கி நகர்த்தத் தொடங்கினாள். இப்போது கண் திறந்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. ஓடை. பாறை. பலா மரம். விரல் பச்சைக்குள் வளைந்து வளைந்து இறங்கியது, பள்ளத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்றது, ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது. ரோட்டில் வந்து நின்றது.

"பஸ்ஸு வந்துருச்சா?" என்று கேட்டார் செக்கிங் அக்கா.

"இன்னும் வரலீங்க. அன்னைக்குத் தொலைஞ்ச வெத்தலையை வாங்கிட்டிருக்கறேன்," என்றாள்.

கீழே மணி அடித்தது. விரலை அங்கேயே வைத்திருந்தாள்.